தரை எங்கே இருக்கிறது?

தோலைப் பதப்படுத்தி, தலைவடிவத்தின் மேல் போர்த்தி நான் பாடம் செய்த முதல் மான் தலை இப்போதும் என் பணியறைச் சுவரில் இருக்கிறது. கழுத்துத் தையலில் குறை சொல்ல எதுவும் இல்லை. காதின் விளிம்புகள் வற்றிச் சுருங்கவில்லை. மூக்கின் ஈரப்பளபளப்புகூட ஓரளவு கைகூடியிருந்தது. ஆனாலும் அதை மாட்டிய முதல் வாரம் முழுவதும், அறைக்குள் நுழையும்போதெல்லாம் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த மான் செத்துப்போயிருந்தது. செத்த மானைத்தானே பாடம் செய்கிறோம் என்று நீங்கள் கேட்பீர்கள், உண்மைதான். ஆனால் பாடம் செய்பவன் மறைக்க முயலும் ஒரே செய்தி அதுதான், அதை அந்த முகம் வாசலிலேயே நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது.

பார்க்க வந்தவர்கள் அனைவரும் ஒரே விடையைச் சொன்னார்கள்: கண் சரியில்லை. எப்படிச் சரியில்லை என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொன்னார்கள். ஒருவர் நிறம் என்றார், ஒருவர் சிறிதாக இருக்கிறது என்றார், இன்னொருவர் அது தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல் தெரிகிறது என்றார். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த பெரியவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு, "பார்த்துக்கொண்டே இரு, தம்பி" என்று மட்டும் சொல்லிச் சென்றார். பிறர் சொன்னதை நான் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டேன். கண் சரியில்லை என்றால் நல்ல கண் வாங்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன். பல மாதங்களை வீணாக்கிய புரிதல் அது.

கண் வாங்கிய கதை

முதல் தலைக்கு நான் வைத்தவை தட்டைமுதுகுக் கண்கள். திடமான கண்ணாடிக் குமிழ் ஒன்றின் பின்புறத்தில் நிறம் தீட்டியிருப்பார்கள். நேராக நின்று பார்த்தால் குறை தெரியாது. பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் கருவிழியின் நிறப்படலம் கிணற்றடியில் கிடக்கும் நாணயம் போல ஆழத்தில் தெரியும். மானின் கண்ணோ பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்தே பார்க்கப்படுகிற கண். ஆகவே அடுத்த தலைக்கு, முன்பக்கம் குவிந்தும் பின்பக்கம் குழிந்தும் இருக்கும் மெல்லிய ஓட்டுக் கண்களைத் தேர்ந்தேன். இவற்றில் நிறம் ஓட்டின் உட்புறத்தில் தீட்டப்படுவதால் அது பார்வைப் பரப்புக்கு அருகிலேயே நிற்கும். இவற்றிலும் நல்ல வகைகளில் கருவிழிப் பகுதி மட்டும் சற்றே கூடுதலாகப் புடைத்து, கருவிழியை மூடியிருக்கும் ஒளிபுகும் படலமான கார்னியாவின் வளைவு வேறு, வெண்விழியின் வளைவு வேறு என்று காட்டும். விரலால் தடவினாலே அந்த வேறுபாடு தெரியும். அதில் விழும் வெளிச்சப் புள்ளி நாம் நடக்கும்போது வழுக்கி நகரும் விதமும் மாறும். கண்ணாடியா அக்ரிலிக்கா என்ற வாதத்தில் எனக்கு அதிக ஆர்வம் இல்லை. அக்ரிலிக் கீறல் விழும், கண்ணாடி கீழே விழுந்தால் உடையும். இரண்டையும் கவனமாகக் கையாள வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கண்களுக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மனியின் லௌஷா என்ற சிற்றூரில் பொம்மைகளுக்குக் கண் செய்துவந்த லுட்விக் முல்லர்-ஊரி என்ற கண்ணாடிக் கைவினைஞர், 1835 வாக்கில் மனிதர்களுக்கான கண்ணாடிக் கண்களைச் செய்யத் தொடங்கினார். பொம்மையின் கண்ணுக்கும் இழந்த கண்ணுக்கும் பாடம் செய்த விலங்கின் கண்ணுக்கும் கைத்திறன் ஒன்றுதான் என்பதை எண்ணும்போது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. பார்க்காத கண்ணைப் பார்ப்பதுபோல் காட்டுவதுதான் மூன்றிலும் வேலை.

அளவைப் பொறுத்தவரை, வெள்ளைவால் மானுக்கென விற்கப்படும் கண்கள் பெரும்பாலும் 30 முதல் 34 மில்லிமீட்டர் வரை விட்டம் கொண்டவை. இந்த விட்டம் ஓட்டின் முழு விளிம்பையும் சேர்த்தது. அதில் வெளியே தெரியப்போவது ஒரு பகுதிதான். மற்றது இமைக்குள் மறைந்துவிடும். இதை மறந்துதான் நானும், என்னைப் போன்ற தொடக்கநிலையாளர்கள் பலரும், பெரிய கண்ணுக்கு ஆசைப்படுகிறோம். தமிழில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்த ஆசை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். மான்விழி என்ற சொல்லை அழகின் அளவுகோலாகவே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சொல் காதில் ஒலிக்க, 34 மில்லிமீட்டர் கண்ணைச் சிறிய தலையில் பொருத்தினேன். இமைகள் அதன் மேல் இழுபட்டுப் புடைத்தன; மருண்ட மானுக்குப் பதிலாக மூச்சுத் திணறும் மான் ஒன்று கிடைத்தது. கழற்றிவிட்டு 32 வைத்த பிறகுதான் முகம் அடங்கியது. பெரிய கண் என்ற தோற்றம் கண்ணின் விட்டத்தால் வருவதில்லை. இமை எவ்வளவு திறந்திருக்கிறது, இமையைச் சுற்றியுள்ள கறுப்பு எவ்வளவு அகலம் என்பவற்றால் வருகிறது.

நிறத்தில் செய்த தவறுதான் எனக்கு மிகவும் வெட்கம் தருவது. தோலை உரிப்பதற்கு முன் அந்த விலங்கின் கண்ணைப் படமெடுத்து, அதற்கு ஒத்த கண்ணை நாள்கணக்கில் தேடினேன். மூலத்தைவிடச் சிறந்த சான்று எது என்று எண்ணினேன். ஆனால் இறந்த மானின் கண், உயிருள்ள மானின் கண்ணுக்குச் சான்றாகாது. இறந்ததும் கண்மணி, அதாவது கருவிழியின் நடுவே ஒளி நுழையும் திறப்பு, விரிந்துவிடுகிறது. கார்னியா மங்கத் தொடங்குகிறது. விரிந்த கண்மணியின் வழியே, இரவில் விளக்கொளி பட்டால் மின்னுமே, அந்தப் பின்படலத்தின் நீலமும் பச்சையும் கலந்த சாயல் வெளியே தெரிகிறது. நான் தேடி அலைந்த அந்த அருமையான நீலச்சாயல் சாவின் நிறம். பகலில் உயிரோடு நிற்கும் மானின் கண்ணில் இருப்பது ஆழ்ந்த பழுப்பு நிறமும், அதன் நடுவே, பழுப்பிலிருந்து எளிதில் பிரித்தறிய முடியாத அளவுக்கு இருண்ட, கிடைமட்டமாக நீண்ட கண்மணியும்தான். அன்றிலிருந்து என் மேசையில் உயிருள்ள மான்களின் படங்களை மட்டுமே வைத்திருக்கிறேன். இறந்த முகத்திலிருந்து எடுக்கும் அச்சுகள் எலும்பின் மேட்டையும் பள்ளத்தையும் சரியாகச் சொல்லும். இமையைப் பற்றி அவை சொல்வதை நம்பக் கூடாது, ஏனெனில் அந்த இமைகளைப் பிடித்திருந்த தசைகள் தளர்ந்துவிட்டன.

இவ்வளவையும் கற்றுக்கொண்டு, நல்ல ஓடு, சரியான அளவு, சரியான நிறம் என்று தேர்ந்த ஓர் இணைக் கண்களோடு இரண்டாவது தலையைத் தொடங்கினேன். தலையைத் தாழ்த்தி, மூக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்து, எதையோ மோப்பம் பிடித்துக்கொண்டு வரும் தோரணை.

ரசமட்டம்

கண்ணை அமர்த்தும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலியூரித்தேன் நுரையில் வார்த்த தலைவடிவத்தில் கண்குழி ஏற்கெனவே இருக்கும். அதில் களிமண் இட்டு, கண்ணை அழுத்தி, மேலும் கீழும் இமைக்கான மேட்டைக் களிமண்ணாலேயே உருவாக்க வேண்டும். கண் குழிக்குள் நேராக உட்காருவதில்லை. அதன் முன்விளிம்பு பின்விளிம்பைவிட உள்ளே தாழ்ந்திருக்கும். மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட வெளியே நீண்டிருக்கும், கூரை இறவாணம் போல. இந்த இரண்டு சாய்வுகளையும் விட்டுவிட்டால், மீன் கண் போலத் தட்டையாகப் பக்கவாட்டைப் பார்க்கும் முகம்தான் கிடைக்கும். பிறகு கண்ணின் முன்மூலையிலிருந்து மூக்குத் துளை வரை காலிப்பர் என்ற கவை அளவுகோலால் இருபுறமும் அளக்க வேண்டும். வலது கண்ணை முழுதாக முடித்துவிட்டு இடதுக்குப் போகக் கூடாது. இரண்டிலும் மாறி மாறி வேலை செய்தால்தான் ஒன்று மற்றொன்றைத் திருத்தும். இவை எல்லாவற்றையும் செய்தேன். தலைவடிவத்தை மேசைப் பிடியில் என் கைக்கும் கண்ணுக்கும் வசதியாக நிமிர்த்திப் பொருத்திக்கொண்டு, இரண்டு நாள் மாலைகளைச் செலவிட்டுச் செய்தேன். கண்மணியின் நீள்கோடு கண்ணின் முன்மூலையையும் பின்மூலையையும் இணைக்கும் கோட்டோடு துல்லியமாகப் பொருந்துமாறு பார்த்துக்கொண்டேன். அந்தத் துல்லியத்தைப் பற்றிக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. பிறகு தோலைப் போர்த்தி, பசை தடவி, இமைகளைச் செருகி, உலரவிட்டேன்.

மூன்றாம் நாள் பெரியவர் வந்தார். பேசாமல் தலையை மேசைப் பிடியிலிருந்து கழற்றி, சுவரில் அது தொங்க வேண்டிய ஆணியில் மாட்டினார். தன் பையிலிருந்து ஒரு ரசமட்டத்தை எடுத்தார். கொத்தனார்கள் வைத்திருக்கும் அதே சிறிய ரசமட்டம். அதை மானின் வலது கண்ணுக்கு நேரே, சற்று விலக்கிப் பிடித்தார். குமிழி நடுவில் நின்றது. குமிழிக்குக் கீழே கண்மணி மூக்குப் பக்கமாகச் சரிந்து கிடந்தது. ஏறக்குறைய 30 பாகைச் சரிவு இருக்கும்.

"தரை எங்கே இருக்கிறது, தம்பி?" என்று கேட்டார்.

கேள்வி எனக்கு விளங்கவில்லை. காலுக்குக் கீழே இருக்கிறது என்றேன். "உன் காலுக்குக் கீழே இல்லை. இதன் கண்ணுக்குள் எங்கே இருக்கிறது என்று கேட்கிறேன்" என்றார்.

அவர் பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர். ஆனால் மான்களை நேரில் பார்த்துப் பழகியவர். மான் தலையை நிமிர்த்தினாலும் தாழ்த்தினாலும் கண்மணி மட்டும் தரைக்கு இணையாகவே நிற்கும் என்று பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார். ஏன் அப்படி என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 2015ஆம் ஆண்டு பார்வை அறிவியலாளர் மார்ட்டின் பேங்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் தரைவாழ் விலங்குகள் 214 இனங்களின் கண்மணி வடிவங்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தாவரம் மேயும் விலங்குகளுக்குக் கண்கள் தலையின் இருபக்கமும் அமைந்திருப்பதும், கண்மணி கிடைமட்டமாக நீண்டிருப்பதும், வேட்டைவிலங்கு தரை வழியாகத்தான் வரும் என்பதோடு தொடர்புடையவை. நீண்ட கண்மணி முன்னும் பின்னும் தரைமட்டத்தை அகலமாகவும் கூர்மையாகவும் காட்டுகிறது. மேலிருந்து வரும் வெயிலைக் குறைக்கிறது. ஆனால் புல்லைத் தின்னக் குனிந்ததும் கண்மணியும் தலையோடு செங்குத்தாகத் திரும்பிவிட்டால் இந்த ஏற்பாட்டால் என்ன பயன்? ஆகவே தலை குனியும்போது இரு கண்களும் தத்தம் குழிக்குள் எதிரெதிர்த் திசையில் சுழன்று, கண்மணியைத் தரைக்கு இணையாகவே நிறுத்திக்கொள்கின்றன. ஒவ்வொரு கண்ணும் 50 பாகைக்கும் மேலாகச் சுழலக்கூடும். நம் கண்களால் இப்படிச் சில பாகைகளே சுழல முடியும். அதனால்தான் நமக்கு இப்படி ஒன்று தோன்றுவதே இல்லை. தலையைச் சாய்த்தால் கண்ணும் சாயும் என்றே நாம் நம்பியிருக்கிறோம்.

நான் கண்ணை முகத்துக்கு ஏற்றவாறு அமர்த்தியிருந்தேன். தரைக்கு ஏற்றவாறு அமர்த்தவில்லை. உயிருள்ள மானின் தலை இயல்பாக நிமிர்ந்திருக்கும்போதேகூட முன்மூலை பின்மூலையைவிடத் தாழ்ந்துதான் இருக்கும். அந்தக் கோட்டோடு கண்மணி பொருந்துவதே இல்லை. நான் கர்வம் கொண்ட துல்லியம் இயற்கையில் எங்கும் இல்லாத ஒன்று. சுழலும் தசை செயலற்றுப்போன கண் மட்டுமே தலையோடு சேர்ந்து சரியும். முதல் தலையிலும் இதே தவறுதான். அதைப் பார்த்தவர்களில் ஒருவருக்கும் மானின் கண்மணியைப் பற்றி எதுவும் தெரியாது. இருந்தும் அவர்கள் அனைவருக்கும் அது செத்திருப்பது தெரிந்தது. தெரிந்ததற்குச் சொல் கிடைக்காததால் நிறம் என்றும் அளவு என்றும் சொல்லியிருக்கிறார்கள். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

பழந்தமிழில் பார்வை என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. காட்டு விலங்குகளைப் பிடிக்க வேடர்கள் பழக்கிவைத்திருக்கும் ஈர்ப்பு விலங்கையும் பார்வை என்றே சொன்னார்கள். தன் இனத்தை ஏமாற்றி அருகே வரவழைக்கும் மான் அது. நாங்கள் செய்வதும் ஒரு வகையில் பார்வை மான்தான். ஏமாற வேண்டியவர்கள் மட்டும் மனிதர்கள். அப்படியானால் ஏமாற்று வேலையைத் திருத்தமாகச் செய்ய வேண்டாமா?

இங்கே வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் கேட்கும் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மான் என்னைப் பார்ப்பதுபோல் வையுங்கள் என்பார்கள். இரு கண்மணிகளையும் முன்னோக்கித் திருப்பி, வெண்விழி பின்மூலையில் தெரியும்படி வைத்தால் அந்தத் தோற்றம் வரும். மிகவும் மிரண்டு ஒன்றையே உற்றுநோக்கும் கணத்துக்கு அது பொருத்தமானதும்கூட. காதுகளும் அதே பக்கம் திரும்பியிருக்க வேண்டும். காது பின்னோக்கியும் கண் முன்னோக்கியும் இருக்கும் முகங்களைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இரண்டு வெவ்வேறு மான்களை ஒட்டவைத்தது போல இருக்கும். ஆனால் அமைதியாக நிற்கும் மான் யாரையும் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. தலையைத் திருப்பாமலேயே அதற்கு ஏறத்தாழ 300 பாகை தெரிகிறது. அத்தகைய விலங்கை நம் முகத்தை மட்டும் பார்க்கச் சொல்வது நம் வீண்பெருமை என்பது என் கருத்து. கேட்டவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், அவர்கள் ஒப்புக்கொண்டதில்லை.

இமை

அன்று மாலையே திருத்தத் தொடங்கினோம். மூன்று நாள் உலர்ந்த இமை அட்டை போல விறைக்கத் தொடங்கியிருந்தது. ஈரப் பஞ்சை இமைகளின் மேல் மட்டும் வைத்து, இரவு முழுவதும் அவ்வப்போது நனைத்து, காலையில் தோல் இளகிய பிறகு செருகிய விளிம்பை மரக்குச்சியால் மெல்ல விடுவித்தோம். உள்ளே களிமண் இன்னும் ஈரமாகவே இருந்தது நல்லூழ். சிறிய ரப்பர் உறிஞ்சி ஒன்றைக் கண்ணாடியின் மேல் ஒட்டி, ரசமட்டத்தைப் பார்த்தபடியே கண்ணைச் சுழற்றினார் பெரியவர். வலது கண் ஒரு பக்கமாகவும் இடது கண் அதற்கு எதிர்ப்பக்கமாகவும் திரும்பின. ஓட்டில் வேறு எதுவும் மாறவில்லை. நிறம் அதே நிறம், அளவு அதே அளவு. ஆனால் கண்மணி கிடைமட்டத்துக்கு வந்த அந்தக் கணத்தில் மான் தரையை மோப்பம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. நான் பின்வாங்கி நின்றேன். பல மாதங்களாக நான் கடைகளில் தேடிக்கொண்டிருந்தது அந்தச் சுழற்சியைத்தான்.

பெரியவருக்கு அதில் பெரிய மகிழ்ச்சி ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. "இனிமேல்தான் வேலை" என்றார். இமையைத் திரும்பச் செருகுவதை அவர் சொன்னார். மானின் மேலிமை அரைவட்டமாக வளைவதில்லை. கிண்ணத்தை வைத்து வரைந்ததுபோன்ற இமைதான் பாடம் செய்த தலைகளில் பாதிக்கு அந்தத் திடுக்கிட்ட முகத்தைத் தருகிறது. மேலிமை கண்மேல் நிழல் விழும்படி வெளியே நீண்டிருக்க வேண்டும். நிழல் இல்லாத கண் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் பொத்தான்தான். முன்மூலையில் மூன்றாம் இமை எனப்படும் மெல்லிய படலத்தின் விளிம்பு சிறிதளவு தெரிய வேண்டும். அதற்கும் முன்னால் இருக்கும் சுரப்பிக் குழியைத் தோலை உள்ளே அழுத்திச் செருகிக் காட்ட வேண்டும். உரிக்கும்போது இமையின் உட்புறத் தோலைக் கண்ணோடு ஒட்டி அறுத்து, தாராளமாக விட்டு வைத்திருந்தால்தான் இவ்வளவும் முடியும். அங்கே கஞ்சத்தனம் காட்டியவர் பிறகு எந்தக் கண் வாங்கினாலும் பயனில்லை. நான் வலது மேலிமையில் கஞ்சத்தனம் காட்டியிருந்தேன்.

அதன் விளைவு உலர்ந்தபோது தெரிந்தது. தோல் உலர உலரச் சுருங்கிப் பின்வாங்கும். குண்டூசிகளால் பிடித்து நிறுத்தியும், நாள்தோறும் இருமுறை குச்சியால் அழுத்தியும் வலது கண்ணின் முன்மூலையில் கண்ணாடிக்கும் இமைக்கும் இடையே நூலிழை அளவு இடைவெளி விழுந்தது. எபாக்ஸி மாவால் அதை நிரப்பினேன். இமையைச் சுற்றிய கறுப்பை மெல்லிய பூச்சுகளாகத் தெளித்தேன். மூன்றாம் இமைக்குப் பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு தீட்டி, மூலையில் மட்டும் ஈரம் தெரியும்படி பளபளப்புப் பூசினேன். இமை முடிகளைச் சீவி எடுத்து, கண்ணாடியை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்ததும் வேலை முடிந்தது. வாங்கியவர் இடைவெளியைக் கண்டுபிடிக்கவில்லை. அந்த வீட்டுக்குப் போக நேர்ந்தால் நான் இன்றும் இடது பக்கமாகவே நிற்கிறேன்.

முதல் தலையைத் திருத்தவில்லை. அதன் களிமண் என்றோ கல்லாகிவிட்டது. இமைத் தோல் இனி நனைத்தால் வெடிக்கும். புதிய தலைவடிவம் எது வந்தாலும் கண்களைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன், அதைச் சுவரில் தொங்க வேண்டிய உயரத்தில், தொங்க வேண்டிய சாய்வில் மாட்டிவிட்டு, ரசமட்டத்தைப் பிடித்து, இரு கண்குழிகளின் குறுக்காகவும் பென்சிலால் ஒரு கோடு இழுக்கிறேன். களிமண் அந்தக் கோட்டை மறைத்துவிடும் என்பதால் குழிக்கு வெளியே இருபுறமும் சற்று நீட்டியே இழுக்கிறேன்.